சிறு வணிகரும் பணம் பெறும் வழியும்

உலகில் மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டுக் கொள்வதும் கொடுப்பதும் அவர்களைப் பிணித்து நிற்கும் கயிறாக இருந்து வருகின்றன. உழவன் விளைத்ததும் நெசவாளி நெய்ததும் வணிகன் கைப்பட்டாலன்றி வேண்டுவார்க்கு எட்டுவதில்லை. எனினும், பண்டத்தைக் கொடுப்பது வணிகத்தின் ஒரு பாதியேயாம். கொடுத்ததற்குரிய விலையைத் தப்பாமற் பெறுவது மற்றைப் பாதி. முதற் பாதியில் வல்லராயிருந்தும் இரண்டாம் பாதியில் தவறியமையாற் கெட்ட வணிகர் எக்காலத்தும் உளர். இவ்விரண்டாம் பாதி சென்ற பத்தாண்டுகளில் நம் நாட்டில் அடைந்திருக்கும் மாறுதலையும், அதனிடையே சிறு வணிகர் எவ்வழியைத் தெரிந்துகொள்ளல் தக்கது என்பதையும் பற்றி நம் கருத்தைச் சிறிது கூறப் புகுகின்றோம்.

கலாசாலைப் பத்திரிகையிற் கடைத்தெருவைப் பற்றி எழுதுவானேன் என வினவுவார் சிலர் இருக்கலாம். நம் மாணாக்கருள் அரசாங்க உத்தியோகம் பெறுவோர் சிலரே. பலர் தந்தையின் கடையையோ, தாமே தொடங்கும் சிறு தொழிலையோ நம்பி வாழ்தற்குரியர். பழைய மாணவருள் அச்சகம் வைத்திருப்போர், மருந்துக்கடை நடத்துவோர், வீட்டிலிருந்தே ஊறுகாயும் பலகாரமும் செய்து பார்சலில் அனுப்புவோர் ஆகிய பலரை நாம் அறிவோம். அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: “பணம் வாங்குவதற்கு எத்தனையோ வழிகள் சொல்கிறார்களே, எதை எடுப்பது?” இவ்வினாவுக்குத் தக்க விடை கூறுதல் கற்றார் கடன் என்றே கருதுகின்றோம்.

தொலைவிலுள்ளாரிடம் பணம் பெறுதல் இன்று புதிதாகத் தோன்றிய துன்பம் அன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியலின் மூலம் பர்மாவிலும் மலேயாவிலும் பெரும்பொருளைக் கைமாற்றினர். 1880-ஆம் ஆண்டில் மணியார்டர் வேலையை அஞ்சற்றுறை ஏற்றுக்கொண்டது. அதன்பின் கூலிக்காரன் அனுப்பிய ஐந்து ரூபாயும் குக்கிராமத்துக் குடிசையைச் சென்றடைந்தது. வி. பி. பி. என்னும் முறையோ, தபாற்காரர் பொருளைக் கொடுத்து விலையைப் பெற்று விற்றவர்க்கு அனுப்புவதாம். புத்தக வியாபாரிகளும் மருந்து வியாபாரிகளும் அதனாற் பெரிதும் பயனடைந்தனர். இவை ஒவ்வொன்றிலும் வணிகன் மூன்று வினாக்களையே கேட்டான்: பணம் உறுதியாக வருமா? எத்தனை நாளில் வரும்? வரும் வழியில் எவ்வளவு தேயும்? காலம் மாறினும் வினாக்கள் மாறவில்லை. ஆதலின், புதிய கருவிகளின் பெயர்களைக் கேட்டு மயங்காமல், இம்மூன்று வினாக்களையும் ஒவ்வொரு கருவியினிடத்தும் நிறுத்திக் கேட்போமாயின், விடை தானே வெளிப்படும்.

இப்போதுள்ள வழிகளைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது யூபிஐ. நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தால் அமைக்கப்பெற்று 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரிற் பெருநோட்டுக்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபின் அது விரைந்து பரவியது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் இவ்வழியே நடந்த கொடுக்கல் வாங்கல்கள் 2,000 கோடியைக் கடந்தன. இரண்டாவது, வங்கி கொடுக்கும் கார்டு மிஷின். மூன்றாவது பேமென்ட் கேட்வே. யூபிஐ, கார்டு, வங்கிக் கணக்கு முதலிய எவ்வழியாக வாங்குவோர் பணம் செலுத்தினும் அவற்றையெல்லாம் ஒரே வாயிலில் ஏற்றுத் தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை வணிகர் கணக்கிற் செலுத்தும் இடையாளர் வழி இது. நான்காவது, நெஃப்ட், ஐஎம்பிஎஸ் முதலிய நேர் வங்கி மாற்று. நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் இரவு பகலென்றும் விடுமுறையென்றும் பாராது நடைபெறுகின்றது. ஐந்தாவது, கூரியர்க்காரர் பொருளைக் கொடுக்குமிடத்திற் பணம் பெற்றுவரும் முறை. இது பழைய வி. பி. பி.யின் மறுபிறப்பே. ஆறாவது என்றும் உள்ள ரொக்கம்.

இனித் தேய்மானத்தை நோக்குவோம். யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் பெறலாகாதென 2020 ஜனவரி முதல் அரசாங்கம் விதித்துள்ளது. ஏனைய டெபிட் கார்டுகளுக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி ஓர் எல்லை வகுத்தது: ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத விற்பனையுடைய சிறு வணிகர்க்கு, மிஷின் வழியாயின், நூற்றுக்கு 0.40; மற்றையோர்க்கு 0.90. கிரெடிட் கார்டுக்கு இத்தகைய எல்லை இல்லை. நூற்றுக்கு 2 ரூபாய் அளவிற் கேட்பதே பெருவழக்கு. அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு சேரும். 5,000 ரூபாய்க்குப் பட்டுப்புடைவை ஒன்று விற்ற வணிகர், கேட்வே வழியே நூற்றுக்கு 2 என்னும் கணக்கிற் கொடுக்க நேர்ந்தால், கட்டணம் 100 ரூபாயும் வரி 18 ரூபாயும் கழிந்து 4,882 ரூபாயே பெறுவார். 118 ரூபாய் 5,000-க்குச் சிறு தொகை எனத் தோன்றும். ஆயினும், அப்புடைவையில் அவருக்கு வரும் இலாபம் நூற்றுக்குப் பத்து, அஃதாவது 500 ரூபாய் என்று கொள்வோமாயின், அவ்விலாபத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வழியிலேயே ஒழிந்தது. கட்டணத்தை விற்பனைத் தொகையோடு ஒப்பிடுதல் கேட்வே நிறுவனத்தார் வழக்கம். இலாபத்தோடு ஒப்பிடுதல் வணிகர்க்குரிய வழக்கமாதல் வேண்டும். இவ்வொன்றை நம் மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

கட்டணமே தேய்மானம் அன்று, காலமும் தேய்மானமேயாம். கேட்வே வழி வரும் பணம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வேலை நாள் கழித்தே கணக்கிற் சேரும். சில நிறுவனத்தாரின் கியூஆர் அட்டை வழி வரும் யூபிஐப் பணமும் மறுநாட் காலையிலேயே சேர்கின்றது. நாள்தோறும் 3,000 ரூபாய் விற்கும் ஒருவருக்கு இரண்டு நாள் தாமதம் என்றால், எப்போதும் 6,000 ரூபாய் பிறர் கையில் நிற்கின்றது என்பதே பொருள். பெருவணிகர்க்கு அது பொருட்டன்று. விடியற்காலையில் மொத்தச் சந்தையில் ரொக்கம் கொடுத்துக் காய்கறி எடுக்கும் பெண்மணிக்கோ, அந்த 6,000 ரூபாயைத் தண்டற்காரரிடம் வட்டிக்கு வாங்கும் நிலை உண்டாகும். கட்டணமில்லாத வழியென்று நம்பியவர் வட்டியாகக் கட்டணம் செலுத்துவார். ஆதலின், “எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்பதோடு “எப்போது கொடுப்பீர்கள்?” என்பதனையும் முதல் நாளிலேயே கேட்டு எழுத்திற் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது தேய்மானம் வாடகை. பணம் வந்ததைக் கூவி அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸ் இப்போது தேநீர்க்கடை தோறும் ஒலிக்கின்றது. கை ஓயாது வேலை செய்யும் கடைக்காரருக்கு அது மெய்யாகவே உதவி. அடிக்கடி கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் தொல்லையை ஒழிக்கின்றது. ஆனால் அதன் மாத வாடகை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஆகும். நாளொன்றுக்கு நான்கைந்து பேரே வரும் தையற்கடைக்கு அது வீண்செலவு. விற்பனையாளர் வந்து இனிமையாகப் பேசி வைத்துச் செல்லும் கருவியெல்லாம் நமக்கு வேண்டுவனவாகா. மேலும், 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி எந்த நிறுவனத்தின் கியூஆர் அட்டையும் எல்லாச் செயலிகளாலும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஆகவே, ஒரே மேசையில் நான்கு அட்டைகளை வரிசையாக ஒட்டிவைத்தல் அழகுமன்று, தேவையுமன்று. ஒன்றே போதும், கணக்குப் பார்ப்பதற்கும் அதுவே எளிது.

நிற்க. எல்லார்க்கும் ஒருவழியே பொருந்தும் என்பது நம் கருத்தன்று. மூவகை வணிகரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதல்வர், கலாசாலை வாயிலிற் பேனாவும் காகிதமும் விற்பவர், நகலெடுத்துக் கொடுப்பவர், தேநீர் விற்பவர். இவரிடம் வாங்குவோர் எதிரில் நிற்பவர். ஒருமுறை கொடுக்கும் தொகை பத்தோ நூறோ ஆம். இவருக்கு யூபிஐ அட்டை ஒன்றும் கல்லாப்பெட்டியும் போதும். கேட்வேயும் வேண்டா, கார்டு மிஷினும் வேண்டா. வாடிக்கையாளர் தம் வங்கிக் கணக்கிலிருந்தன்றி யூபிஐயோடு இணைத்த கிரெடிட் கார்டிலிருந்தோ வாலட்டிலிருந்தோ 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை செலுத்தும்போது கட்டணம் எழக்கூடும் என்பதை மட்டும் அவர் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாமவர், பார்சலில் அனுப்புபவர். கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அதனைச் செய்வோருட் பலர் சிறு தொழிலாளரே. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முன்பின் அறியாதார் இரண்டு கிலோ வேண்டுமென்று வாட்ஸாப்பில் எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்தாறு பேர் எழுதும் வரையில், யூபிஐ முகவரியை அனுப்பிப் பணம் வந்தபின் பார்சல் கட்டுதலே சாலும். ஐந்தாறு பேர் ஐம்பதின்மர் ஆகும்போதுதான் இடர் தொடங்குகின்றது. எவருடைய பணம் எவருடைய பார்சலுக்குரியது என்பது விளங்காமற் போம். ஒருவர் இருமுறை செலுத்துவர். மற்றொருவர் செலுத்தாமலே செலுத்தினேன் என்பர். கேட்வேயின் பயன் இந்நிலையிலேயே தோன்றுகின்றது. ஒவ்வோர் ஆர்டருக்கும் தனித்தனியே பேமென்ட் லிங்க் அனுப்பினால், பணமும் ஆர்டரும் தாமே இணைந்து பேரேட்டில் நிற்கும். அதற்குச் சொந்தமாக இணையக்கடை இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. நூற்றுக்கு 2 ரூபாய் கட்டணம் என்பது இவ்விடத்தில் ஒரு கணக்கப்பிள்ளையின் சம்பளமாகின்றது. அச்சம்பளம் தகுமா என்பதை அவரவர் தம் இலாபத்தோடு சீர்தூக்கிக் காண்க.

இவருக்கு மேலும் இரண்டு சொற்கள். பணத்தைப் பொருள் சேருமிடத்திற் பெறும் முறையை வாடிக்கையாளர் மிக விரும்புவர்; ஏனெனில் ஐயம் முழுதும் விற்பவர் தலையிலேயே விழுகின்றது. வாங்க மறுத்துத் திருப்பிய பார்சலுக்குப் போக வர இருவழிக் கூலியும் வணிகருடையதே; தின்பண்டமாயின் பண்டமும் பழுதாம். ஆகையால், பழகிய வாடிக்கையாளர்க்கன்றி அதனை அளித்தல் வேண்டா. இரண்டாவதாக, கார்டு வழிப் பணம் செலுத்தியவர், பொருள் வரவில்லையென்று தம் வங்கியில் முறையிட்டால், பெற்ற பணமும் திரும்பிப் போகக்கூடும். அனுப்பிய ரசீதும், சேர்ந்ததற்கான சான்றும் பல மாதங்கள் வரை பாதுகாத்து வைத்தலே அதற்கு மருந்து.

மூன்றாமவர், தனிவகுப்பு நடத்துபவர், அச்சகத்தார், தச்சர் முதலியோர். இவர் பெறுவது சில பெருந்தொகைகள், கொடுப்போர் தெரிந்தவர். இவருக்கு நேர் வங்கி மாற்றே சிறந்தது. பற்றுச்சீட்டின் அடியிற் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியையும் அச்சிட்டுவிடுதல் போதும். ஐம்பதாயிரம் ரூபாய் அச்சுக்கூலியைக் கிரெடிட் கார்டிற் பெற்று ஆயிரத்துக்கு மேற் கழிவு கொடுப்பதற்குக் காரணம் ஒன்றும் காண்கிலேம்.

அடுத்து, உறுதியென்னும் வினா. யூபிஐ வழிப் பணம் கணக்கிற் சேர்ந்துவிட்டால் உறுதி மிகுதி. ஆனால் சேர்ந்ததா என்பதைக் காண்பதிலேதான் வஞ்சகர் நுழைகின்றனர். பணம் செலுத்தியது போன்ற பொய்த்திரையைக் காட்டிப் பொருளைக் கொண்டு செல்வோர் உளர். கடைக்காரரின் கியூஆர் அட்டையின்மேல் தம் அட்டையை இரவில் ஒட்டிவிட்டு மறுநாள் வரவு முழுதையும் கவர்வோரும் உளர். “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்” என்று தொலைபேசியிற் கூறுவோரும் உளர். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இவ்வொரு நெறியை அறியாமையால் உண்டான இழப்புக்கள் மிகப் பல. ஆகவே, வாடிக்கையாளர் கைப்பேசியைப் பாராமல் தம் கைப்பேசியையோ சவுண்ட்பாக்ஸையோ நம்புதல், நாள்தோறும் கடை திறக்கும்போது தம் அட்டையைத் தாமே ஒரு ரூபாய் செலுத்திச் சோதித்தல், பின் எண்ணை எவர்க்கும் கூறாமை என்னும் மூன்றையும் விரதம் போலக் காத்தல் வேண்டும். வஞ்சிக்கப்பட்டால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் பணத்தைத் தொலைவிற் கொண்டு செல்லும்.

கடைக்காரர்க்குப் பணம் செலுத்துகையில், வாடிக்கையாளர் கணக்கிற் கழிந்து கடைக்காரர்க்கு வாராது நிற்பதும் உண்டு. அப்போது இருவரும் ஒருவரையொருவர் ஐயுற்றுச் சண்டையிடுதலைக் காண்கின்றோம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, அவ்வாறு நின்ற தொகை ஐந்து நாட்களுக்குள் தானே திரும்புதல் வேண்டும். தாமதிக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இவ்விதியைச் சிறு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டால் சண்டைகள் பல ஒழியும். கேட்வே தேர்ந்தெடுப்போர், அந்நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை வங்கியின் பட்டியலிற் கண்டு தெளிக. அனுமதி பெற்றவர், வணிகர் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் தனிக் கணக்கில் வைத்தல் 2020-ஆம் ஆண்டு விதிகளால் ஏற்பட்ட கடமை. அக்காப்பு, பட்டியலில் இல்லாதாரிடம் கிடைப்பதன்று.

இப்போது, சிறு வணிகரை மிக அச்சுறுத்தும் விஷயத்துக்கு வருவோம், அது வரி. 2025 ஜூலை மாதத்திற் கர்நாடகத்து வணிகவரித் துறையார் யூபிஐ வரவுகளை ஆதாரமாகக் கொண்டு சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீசு அனுப்பினர். பெங்களூரில் எத்தனையோ கடைகளில் கியூஆர் அட்டைகள் கிழித்தெறியப்பட்டு, “ரொக்கம் மட்டும்” என்னும் பலகைகள் தொங்கின. அச்செய்தி நம் ஊர்க் கடைகளையும் கலக்கியது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. கல்வியறிவு குறைந்தவருக்கு அரசாங்கத்துக் காகிதம் ஒன்று வருதலே இடிவிழுந்தாற்போலாம். ஆயினும், அச்சத்தாற் கருவியைக் கிழிப்பது நோய்க்கு அஞ்சி வைத்தியர் வீட்டுக் கதவை அடைப்பது போல்வது. பண்டம் விற்பவர்க்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைக் கடந்தாலன்றி, பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டுவதில்லை. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். 40 லட்சம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். நம் வாயிற்கடைக்காரர் பலர் அவ்வெல்லைக்கு வெகு தொலைவில் உள்ளனர். ஆனால், பிற மாநிலங்களுக்குப் பண்டம் அனுப்புவோர்க்கு இச்சலுகை இல்லை; சில கைவினைப் பொருள்கள் நீங்கலாகப் பதிவு வேண்டும். பெங்களூருக்குப் பார்சல் கட்டும் நம் பழைய மாணவர் இதனை மறவாதிருப்பாராக.

இவ்விடத்து நாம் வற்புறுத்துவது ஒன்றுண்டு. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றாயிருத்தல் கூடாது. மகன் அனுப்பிய பணமும், மைத்துனர் திருப்பிய கைமாற்றும், சீட்டுப் பணமும், கடை வரவும் ஒரே கணக்கில் விழுந்தால், நோட்டீசு வரும் நாளில் எது விற்பனை, எது அன்று என்று மெய்ப்பிக்க எவராலும் இயலாது. கடைக்கெனத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதற்கே கியூஆர் அட்டை பெறுவதே அச்சத்துக்கு மருந்து. அக்கணக்கு கடைக்காரர் பெயரிலேயே இருத்தலும் வேண்டும். தாயின் பலகாரக் கடைக்கு மகனுடைய கணக்கும், மனைவியின் தையற்கடைக்குக் கணவனுடைய கணக்கும் காட்டப்படுதலை எங்கும் காண்கின்றோம். உழைப்பவள் ஒருத்தி, வரவைக் காண்பவன் மற்றொருவன். நாளை அவள் வங்கியிற் கடன் கேட்கும்போது, அவள் பத்தாண்டு உழைத்ததற்கு ஒரு வரிச் சான்றும் இராது. பணம் பெறும் வழியைத் தெரிதல் என்பது, உழைப்பின் சரித்திரம் எவர் பெயரில் எழுதப்படவேண்டும் என்பதையும் தெரிதலாம். செவ்வையாக எழுதப்பட்ட கணக்கு அரசாங்கத்துக்கு முன் வணிகரைக் காட்டிக்கொடுப்பது போலத் தோன்றினும், கந்துவட்டிக்காரரிடமிருந்து அவரை மீட்பதும் அதுவே. வருமானவரியிலும், மதிப்பீட்டு முறையைக் கைக்கொள்ளும் சிறு வணிகர்க்கு ரொக்க வரவில் நூற்றுக்கு 8 இலாபமாகக் கொள்ளப்படுகையில், வங்கி வழி வரவில் 6-ஏ கொள்ளப்படுகின்றது. ஆகவே சட்டமும் இதனை ஆதரிக்கின்றது.

இத்துணையும் கூறியதனால் ரொக்கத்தை ஒழித்தல் வேண்டும் என்பது நம் கருத்தாகாது. 2025 மார்ச்சு 26-ஆம் நாளிலும் ஏப்ரல் 12-ஆம் நாளிலும் யூபிஐ நாடெங்கும் தடைப்பட்டது. அந்நாட்களிற் கையிற் காசின்றி உணவுக்கடையில் உண்டபின் விழித்தவர் பலர். நாட்டின் யூபிஐக் கொடுக்கல் வாங்கலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரண்டே செயலிகளின் வழி நடைபெறுகின்றது. எச்செயலிக்கும் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் இருத்தலாகாதென்னும் விதி வகுக்கப்பட்டும், அதற்கான கெடு 2026 டிசம்பர் வரையில் ஒத்திவைக்கப்பட்டது. எல்லாரும் ஒரே பாலத்தின்மேல் நடக்கும்போது பாலம் நன்று என்பதனாலேயே படகை எரித்துவிடுதல் அறிவுடைமை அன்று. அதனினும் முதன்மையானது வேறொன்று. கைப்பேசி இல்லாத கிழவியும், வங்கிக் கணக்கில்லாத கூலியாளும், தாய் கொடுத்தனுப்பிய நாணயத்தைக் கையில் இறுக்கிப் பிடித்து வரும் சிறுவனும் நம் கடைகளுக்கு வருகின்றனர். “ஸ்கேன் செய்தால்தான் பொருள்” என்று அவர்களைத் திருப்பியனுப்பும் கடை, எவ்வளவு நாகரிகமாயிருப்பினும், அறத்திற் குறைபாடுடையதே. வணிகர் கொள்வதில் மிகாமலும் கொடுப்பதிற் குறையாமலும் இருந்தமையைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. இக்காலத்து வணிகர் எவர் காசையும் இகழாமையையும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் தகும்.

எதிர்வாதம் ஒன்றையும் கேட்டல் நேர்மை. யூபிஐயைக் கட்டணமின்றி என்றும் நடத்தல் இயலாது. இயந்திரங்களுக்கும் பாதுகாப்புக்கும் செலவு உண்டு. அதனைப் பயனடைவோர் தாங்கல் வேண்டும் என்பர் அத்தொழிலில் உள்ளோர். 2025 மார்ச்சில் பெருவணிகரிடம் நூற்றுக்கு 0.3 பெற அனுமதிக்குமாறு அவர்கள் அரசாங்கத்தை வேண்டினர். அதே மாதத்தில், 2024-25-ஆம் ஆண்டிற்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளிக்க மத்திய அமைச்சரவை ஒப்பியது. சிறு வணிகர் 2,000 ரூபாய் வரையிற் பெறும் தொகைகளுக்கு நூற்றுக்கு 0.15 என்பது அதன் அளவு. கட்டணம் விதிக்கும் எண்ணம் இல்லையென நிதியமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்தது. செலவு உண்டு என்பது உண்மையே, அதனை மறுக்கிலேம். ஆயினும் கிராமத்துச் சாலைக்குச் சுங்கம் வைத்து நடத்தாமல் பொதுப்பணத்தால் அரசாங்கம் செப்பனிடுவது போல, பத்து ரூபாய்க் கொடுக்கல் வாங்கலுக்குரிய வழியையும் பொதுப்பணம் தாங்குதலே முறை. பல கோடி விற்பனையுள்ள நிறுவனங்கள் சிறு கட்டணம் கொடுப்பின் அவை கெட்டுவிடா. தேநீர்க் குவளையின்மேற் கட்டணம் விழுமாயின், அது தேநீர்க்காரரையோ, அவரிடம் குடிக்கும் மூட்டைத் தொழிலாளியையோ சென்று சுடும். வணிகரும் இவ்விலவசம் என்றும் நிலைக்கும் என்று நம்பிவிடாமல், ஆண்டுக்கொருமுறை தாம் கொண்ட வழியை மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

ஆகவே, நாம் துணிந்து கூறுவது இதுவாம்: எதிரில் நிற்பவரிடம் யூபிஐயும் ரொக்கமும், தெரிந்தவரிடம் பெருந்தொகைக்கு வங்கி மாற்று, தொலைவிலுள்ள அறியாதார் பலரானபோது மட்டும் கேட்வே. எதுவாயினும், தம் பெயரில் தனிக் கணக்கு. விற்பனையாளரின் இன்சொல்லும், அண்டைக்கடையாரின் வழக்கமும் தேர்வுக்கு அளவுகோல் ஆகா. தம் இலாபமும், தம் வாடிக்கையாளர் யாவர் என்பதுமே அளவுகோல்.

முடிவாக, நம் கலாசாலைக்கு ஒரு விண்ணப்பம். வர்த்தக வகுப்பு மாணாக்கர் பேரேடு எழுதவும் வரிக்கணக்குப் போடவும் மூன்றாண்டு பயில்கின்றனர். அவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையைச் சுற்றுப்புறக் கடைகளுக்கு ஒதுக்கி, தனிக் கணக்குத் திறக்கவும், கட்டணத்தை இலாபத்தோடு ஒப்பிட்டுக் காட்டவும், வஞ்சகர் வழிகளை விளக்கவும் முன்வருவாராயின், கடைக்காரர் பெறும் நன்மை பெரிது. மாணாக்கர் பெறும் அறிவு அதனினும் பெரிது. நாள்தோறும் நமக்குத் தேநீரும் காகிதமும் தந்து, சில்லறை இல்லாத நாளில் “நாளைக்குக் கொடுங்கள், தம்பி” என்று நம்மை நம்பியவர்கள் அவர்கள். அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தவேண்டிய கடனும் ஒன்று உண்டன்றோ?